கேழ்வரகு முளைமாவு, பானம், பலகாரம்: பதம் எங்கே தவறுகிறது?

வரப்புமேடு (கேள்வி)

வணக்கம். கேழ்வரகை வீட்டிலேயே முளைகட்டி மாவாக்கி வைத்துக்கொண்டு, காலையில் ஒரு பானமும், பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு மாலையில் பலகாரமும் செய்ய விரும்புகிறேன். செய்முறைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஆளாளுக்கு ஓர் அளவு சொல்கிறார்கள். ஏன் அப்படி என்ற விளக்கம்தான் கிடைப்பதில்லை.

முளைகட்டும்போது புளித்த வாடை வருவது எதனால்? மேலே பஞ்சுபோல் வெள்ளையாகப் படர்வது பூஞ்சையா, வேரா? சாதா மாவில் இரண்டு ஸ்பூன் போட்டாலே கெட்டியாகிற கஞ்சி, முளைமாவில் மூன்று ஸ்பூன் போட்டும் தண்ணீராக நிற்கிறதே, மாவில் கோளாறா? பாலோடு வெல்லம் சேர்த்தால் திரிகிறது. முறுக்கு ஒன்று பிழியும்போதே அறுந்து விழுகிறது, இல்லையென்றால் மறுநாளே நமுத்துவிடுகிறது. உருண்டையில் பச்சை மாவு வாசனை. 8 மாதக் குழந்தைக்கும் இதே மாவு ஆகுமா? அளவும் காரணமும் சேர்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஈரத்துணி

முளைகட்டுவதை மட்டும் நான் சொல்கிறேன். மற்றதற்கு இங்கே கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

அரை கிலோ முழுக் கேழ்வரகு எடுத்துக்கொள்ளுங்கள். புடைத்து உமி, தூசியை நீக்கி, தண்ணீரில் நான்கைந்து முறை அலசி, கடைசியில் அரிக்க வேண்டும். கேழ்வரகில் கிடக்கும் மணல் அந்த மணியின் அளவேதான் இருக்கும், கண்ணால் பொறுக்க முடியாது. அகலமான பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டுச் சுழற்றி, மெல்லச் சாய்த்து இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றினால் தானியம் தண்ணீரோடு போகும், மணல் அடியில் தங்கும். மூன்று தடவை இப்படி மாற்றுங்கள். இதை விட்டுவிட்டால் பிறகு மாவை எத்தனை முறை சலித்தாலும் வாயில் நறநறக்கும், ஏனென்றால் அரைக்கும்போது மணலும் சேர்ந்து பொடியாகிவிடும். அலசும் நீர் செம்பழுப்பாக வருவதைப் பார்த்துச் சாயம் என்று பயப்பட வேண்டாம், தோலின் நிறம்தான்.

ஊறல் 8 முதல் 10 மணி நேரம், நடுவில் ஒருமுறை தண்ணீரை மாற்றவும். அதற்கு மேல் நீருக்குள்ளேயே கிடந்தால் மணிக்குக் காற்று கிடைக்காமல் முளைப்பு குறையும். ஊறியதும் வடிகட்டியில் கொட்டி, சொட்டு நிற்கும்வரை, அரை மணி நேரமாவது விடுங்கள். புளித்த வாடைக்கு முக்கால்வாசிக் காரணம் இந்த இடத்தில்தான். சரியாக வடியாததை இறுக்கி மூட்டையாகக் கட்டினால் நடுவில் காற்றும் போகாது, சூடும் ஏறும். முளைக்கும் தானியம் தானே வெப்பம் விடும். மூட்டைக்குள் விரலை நுழைத்துப் பாருங்கள், வெளியைவிட உள்ளே வெதுவெதுப்பாக இருக்கும். அந்த ஈரமும் சூடும் கிருமிகளுக்குத் தோதான இடம். ஆகவே மூட்டை கட்டுவதைவிட, துளையுள்ள தட்டில் ஈரத்துணி விரித்து, ஒரு விரற்கடை உயரத்துக்கு மிகாமல் பரப்பி, மேலே இன்னொரு ஈரத்துணி போர்த்துவதே நல்லது. 8 மணி நேரத்துக்கு ஒருமுறை கையால் புரட்டி, தண்ணீர் தெளியுங்கள். துணி ஈரமாக இருந்தால் போதும். பிழிந்தால் நீர் ஒழுகக் கூடாது.

வெயில் நாட்களில் 24 மணி நேரம், குளிர் நாட்களில் 36 முதல் 48. முளை 3, 4 மில்லிமீட்டர் வந்ததும் நிறுத்திவிடுங்கள். வெளிச்சம் பட்டு நுனி பச்சையானால் தழை வாடையும் கசப்பும் சேரும்.

வெள்ளைப் பஞ்சு பற்றி: ஒவ்வொரு வேரின் மேலும் ஒட்டியபடி, தனித்தனியாக, எல்லா மணியிலும் ஒரே மாதிரி இருந்தால் அது வேர்த்தூவி. தண்ணீரில் அலசினால் வேரோடு படிந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும். பூஞ்சை அப்படி இல்லை. முளைக்காத, உடைந்த மணியில்தான் பெரும்பாலும் தொடங்கும், அங்கிருந்து நூலாம்படையாகப் பக்கத்து மணிகளைச் சேர்த்துப் பிடிக்கும், சாம்பல் அல்லது பச்சை கலக்கும், முடை வாடை அடிக்கும். அப்படி ஓர் இடத்தில் கண்டாலும் தட்டு முழுவதையும் கொட்டிவிடுங்கள். கழுவி, வறுத்து மீட்கலாம் என்று நினைக்காதீர்கள். பூஞ்சை விட்ட நச்சு வறுப்பதால் போகாது.

முளைத்ததை முதலில் மின்விசிறிக் காற்றிலும் பிறகு வெயிலிலும் காய வைக்கவும். மணியைக் கடித்தால் ‘டக்’கென்று உடைய வேண்டும். துணியில் போட்டுக் கசக்கினால் வேர்கள் உதிரும், புடைத்து நீக்கிவிடுங்கள். வேரோடு அரைத்தால் லேசாகக் கசக்கும். அரைத்த மாவைச் சூட்டோடு டப்பாவில் அடைக்க வேண்டாம், பரப்பி ஆற வைத்த பிறகே மூட வேண்டும். அரை கிலோவுக்கு 400 கிராம் அளவில் மாவு கிடைக்கும். உலர்ந்த டப்பாவில் இரண்டு மாதம் தாங்கும். ஒரு பிடி எடுத்து அழுத்தும்போது கட்டியாக நின்றால் ஈரம் ஏறிவிட்டது என்று பொருள்.

கொதிநிலை

முளைமாவு கெட்டியாகாததற்கு மாவில் கோளாறு இல்லை. சரியாக முளைத்திருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

முளைக்கும்போது மணிக்குள் அமைலேஸ் என்ற நொதி உருவாகிறது. மாவுச்சத்தின் நீளமான சங்கிலிகளை அது வெட்டிச் சிறு துண்டுகளாகவும் சர்க்கரையாகவும் ஆக்கும். கெட்டித்தன்மை அந்த நீளச் சங்கிலிகளால் வருவது. அவை அறுந்தால் கஞ்சி இளகும், கொஞ்சம் இனிக்கவும் செய்யும். இந்த நொதி நன்றாக வேலை செய்வது 50 முதல் 70 டிகிரி செல்சியஸ் சூட்டில். கொதித்தால் செயலிழந்துவிடும். மாவைக் குளிர்ந்த நீரில் கரைத்து அடுப்பில் வைத்துப் பொறுமையாகக் கிளறினால், கஞ்சி அந்தச் சூட்டைக் கடக்கும் நிமிடங்களில் நொதி தன் வேலையை முடித்துவிடும். பிறகு எவ்வளவு நேரம் கொதித்தாலும் கெட்டியாகாது.

இதை நம் விருப்பப்படி ஆளலாம். குடிக்கும் பானமாக வேண்டுமா? முளைமாவு 3 மேசைக்கரண்டி, சுமார் 25 கிராம், ஒரு டம்ளர் (250 மி.லி.) குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் மெல்லச் சூடேற்றி, கொதி வந்ததும் 5 நிமிடம் விடுங்கள். இளகலாகவும் இருக்கும், மாவும் நிறைய உள்ளே போயிருக்கும். சாதா மாவில் இதே இளக்கம் வேண்டுமென்றால் ஒன்றரைக் கரண்டிக்கு மேல் போட முடியாது. முளைகட்டுவதன் பெரிய ஆதாயம் இதுதான், பலரும் இதைச் சொல்வதில்லை. கெட்டியான கஞ்சியாக வேண்டுமா? முக்கால் டம்ளர் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, கால் டம்ளரில் கரைத்த மாவை மெல்ல ஊற்றிக்கொண்டே கிளறுங்கள். நொதிக்கு வேலை செய்ய நேரமே கிடைக்காது.

எந்த மாவானாலும் வெந்நீரில் நேரடியாகக் கொட்டக் கூடாது. மாவுத்துகளின் வெளிப்புறம் உடனே வெந்து பசையாகி, உள்ளே உலர்ந்த மாவை அடைத்துக்கொள்ளும். அந்தக் கட்டியை மத்தால் கடைந்தாலும் முழுதாகக் கரையாது.

பால் திரிவது: வெல்லத்தில் இயல்பாகவே கொஞ்சம் புளிப்பும் உப்புகளும் உண்டு, கொதிக்கும் பாலில் விழுந்ததும் பால் புரதம் பிரிந்துவிடும். கஞ்சியைத் தண்ணீரிலேயே வேகவைத்து இறக்குங்கள். வெல்லத்தைத் தனியே கால் டம்ளர் நீரில் கரைத்து, வடிகட்டி, ஆறவிடுங்கள். காய்ச்சிய பால் 100 மி.லி. கஞ்சியில் கலந்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் வெல்லநீரைச் சேருங்கள். மறுபடி அடுப்பில் ஏற்ற வேண்டாம்.

சத்தைப் பற்றியும் ஒன்று. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 340 முதல் 360 மி.கி. கால்சியம் இருக்கிறது, தானியங்களில் இது மிக அதிகம். ஆனால் ஒரு டம்ளருக்கு நாம் போடுவது 25 கிராம்தான். ஆக 85, 90 மி.கி. அதோடு 100 மி.லி. பால் சேர்ந்தால் இன்னொரு 120. ‘ஒரு டம்ளர் குடித்தால் நாள் முழுக்கத் தேவையான கால்சியம்’ என்று பரப்பப்படுவதை நம்ப வேண்டாம். புரதமும் 100 கிராமுக்கு 7 கிராம் அளவுதான், அதிலும் லைசின் என்ற அமினோ அமிலம் (புரதத்தின் ஒரு கூறு) குறைவு. அரை கிலோ முளைமாவுக்கு 125 கிராம் பாசிப்பயறை வறுத்து அரைத்துக் கலந்தால் அந்தக் குறை சரியாகும். நிலக்கடலை, பாதாமை மாவோடு அரைத்து வைக்காதீர்கள். எண்ணெய் கசிந்து மொத்த மாவும் சிக்கு வாடை அடிக்கும். குடிக்கும்போது பொடித்துத் தூவிக்கொள்ளலாம்.

எண்ணெய்ச்சட்டி

பலகாரத்துக்கு வர்றேன். முதல்ல ஒரு விஷயம்: முறுக்கு, ஓமப்பொடி, பக்கோடா எதுக்கும் முளைமாவு எடுக்காதீங்க, சாதா மாவுதான் சரி. கொதிநிலை சொன்ன அதே காரணம்தான். மாவுச்சத்து அறுந்துபோனதால பிடிப்பு இருக்காது, சர்க்கரை கூடினதால உள்ளே வேகுறதுக்கு முன்னாடியே மேல கருகும்.

முறுக்குக்கு கேழ்வரகு மாவு 2 கப், அரிசி மாவு அரை கப், பொட்டுக்கடலையைப் பொடிச்சுச் சலிச்சது கால் கப். உப்பு, ஓமம், எள். சூடான எண்ணெய் 2 மேசைக்கரண்டி ஊத்தி, மாவு முழுக்கப் படற மாதிரி விரலால பிசறுங்க. அப்புறம் கொதிக்கிற தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டுக் கரண்டியால கிளறி, கை பொறுக்குற சூட்டுல பிசையணும். கேழ்வரகுல க்ளூட்டன் கிடையாது. கோதுமை மாவு தானா இழுபடும், இது இழுபடாது. கொதிநீர் பட்டு மாவு கொஞ்சம் வெந்தாதான் பசை வரும், அந்தப் பசைதான் முறுக்கை அறுந்து போகாம பிடிச்சு வைக்கும். பச்சைத்தண்ணி விட்டுப் பிசைஞ்சதுதான் பிழியும்போதே துண்டு துண்டா விழும். பொட்டுக்கடலை மாவு கூடினாலும் விழும். எண்ணெய் கூடினா சட்டியில போட்டதும் பிரிஞ்சு கரையும். பிசைஞ்ச மாவை ஈரத்துணி போட்டு மூடி வச்சு, அரை மணி நேரத்துக்குள்ள பிழிஞ்சு முடிங்க.

நமுக்குறதுக்குக் காரணம் நிறத்தைப் பார்த்து எடுக்குறது. அரிசி முறுக்குன்னா பொன்னிறம் தெரியும். இது மாவுலயே பழுப்பு, சட்டியில போட்ட அடுத்த நிமிஷமே வெந்த மாதிரிதான் கண்ணுக்குத் தெரியும். கண்ணை நம்பாதீங்க, காதை நம்புங்க. போட்டதும் சடசடன்னு நுரைச்சுப் பொங்கும், அது மாவுல இருக்குற தண்ணி ஆவியா வெளியேறுற சத்தம். திருப்பிப் போட்ட பிறகு நுரை பெரிய குமிழியாகி, ஒண்ணொண்ணா அடங்கி, எண்ணெய் கிட்டத்தட்ட அமைதியாகணும். அப்போ எடுங்க. மிதமான தீயில ஒரு ஈடுக்கு 4, 5 நிமிஷம் ஆகும். தீ அதிகமா இருந்தா மேல முறுகிடும், நடுவுல ஈரம் நின்னுடும். ராத்திரி டப்பாவுல இருக்கும்போது அந்த ஈரம் வெளியே பரவித்தான் மறுநாள் நமுத்துப்போகுது. முழுசா ஆறினப்புறம் டப்பாவுல போடுங்க.

பக்கோடாவுக்கு மாவு 1 கப், கடலை மாவு கால் கப், அரிசி மாவு 2 மேசைக்கரண்டி, பெரிய வெங்காயம் 2, முருங்கைக்கீரை ஒரு கைப்பிடி, பச்சைமிளகாய். வெங்காயத்துல உப்பு போட்டுக் கசக்கிப் பத்து நிமிஷம் வச்சா தண்ணி விடும். அந்த ஈரத்துலயே மாவைப் பிசறணும், பத்தலைன்னா மட்டும் தண்ணி தெளிங்க. தளரப் பிசைஞ்சா எண்ணெய் குடிச்சு மெத்துன்னு ஆகிடும்.

உருண்டையில பச்சை வாசனை வர்றது மாவு வேகாததாலதான். வறுக்குறது வேற, வேகுறது வேற; மாவுச்சத்து வேகணும்னா தண்ணி வேணும். அதனால என்னோட சிபாரிசு சிமிலி. மாவு 1 கப், ஒரு சிட்டிகை உப்பு, வெந்நீர் விட்டு மெத்துன்னு பிசைஞ்சு, தோசைக்கல்லுல அடையா தட்டி, மூடி போட்டு ரெண்டு பக்கமும் சிறு தீயில வேகவிடுங்க. வெதுவெதுப்பா இருக்கும்போதே பிச்சுப் போட்டு, வறுத்துத் தோல் நீக்கின நிலக்கடலை முக்கால் கப், வறுத்த எள் 2 மேசைக்கரண்டி, பொடிச்ச வெல்லம் முக்கால் கப், ஏலக்காய் சேர்த்து மிக்ஸியில விட்டு விட்டு ஓட்டுங்க. கடலையில இருந்து வர்ற எண்ணெயும் வெல்லத்தோட ஈரமும் சேர்ந்து, நெய் இல்லாமலே உருண்டை நிக்கும். தொடர்ந்து ஓட்டினா கூழாகி ஒட்டும். ஈரப் பலகாரம் இது, வெளியில ஒரு நாள், குளிர்பதனப் பெட்டியில மூணு நாள், அவ்வளவுதான்.

புட்டுக்கு ஒரே விஷயம்தான்: உப்புத் தண்ணி தெளிச்சுப் பிசறின மாவைக் கையில பிடிச்சா பிடி நிக்கணும், விரலால தட்டினா உதிரணும். 10 நிமிஷம் ஆவியில வேகவச்சு எடுத்து, கொட்டி, இன்னொரு தடவை தண்ணி தெளிச்சு 5 நிமிஷம் வச்சா தொண்டையை அடைக்காது.

வரப்புமேடு

மிக்க நன்றி. ஒரு சந்தேகம். ஈரத்துணி வறுப்பதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. முளைகட்டியதை நன்றாக வறுத்துத்தான் அரைக்க வேண்டும் என்று பல இடங்களில் இருக்கிறதே?

ஈரத்துணி

வேண்டுமென்றேதான் விட்டேன். வாசனை வரும்வரை கருக வறுத்தால் நொதி போய்விடும். நொதி இல்லாத முளைமாவு, கஞ்சியில் சாதா மாவைப் போலத்தான் கெட்டியாகும். அப்புறம் முளைகட்டிய உழைப்பில் பாதி வீண்.

எண்ணெய்ச்சட்டி

பாதி வீண்னு சொல்றது கொஞ்சம் அதிகம். இரும்பு, கால்சியம் உடம்புல சேர விடாம தடுக்குற ஃபைடிக் அமிலம் முளைக்கும்போதே குறையுது, வறுத்தா அது திரும்பி வராது. அதுபோக, வறுக்காத மாவுல தழை வாடை தூக்கலா இருக்கும், பிள்ளைங்க வாயில வைக்க மாட்டாங்க. குடிக்காத கஞ்சியில எவ்வளவு சத்து இருந்து என்ன? கனமான வாணலியில சிறு தீயில 5, 6 நிமிஷம், கை வச்சா நல்ல சூடு தெரியுற வரைக்கும், மணி வெடிக்காம வறுக்கலாம்.

கொதிநிலை

இரண்டு பேர் சொல்வதும் அதனதன் இடத்தில் சரி. நன்றாகக் காய்ந்த தானியத்தில் நொதி ஓரளவு சூடு தாங்கும், ஈரத்தோடு வறுத்தால்தான் சீக்கிரம் அழியும். ஆகவே முற்றிலும் காய்ந்த பிறகு மிதமாக வறுத்தால் வாசனையும் வரும், நொதியும் பெருமளவு நிற்கும். மாவில் பெரும்பங்கை வறுத்து அரைத்துவிட்டு, ஒரு கைப்பிடியை மட்டும் வறுக்காமல் தனியாக அரைத்து வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. எந்தக் கஞ்சி கெட்டியாகிப் போனாலும், இறக்கி 60, 65 டிகிரிக்கு, அதாவது விரல் வைத்தால் சட்டென்று எடுக்கத் தோன்றும் சூட்டுக்கு ஆறவிட்டு, அந்த வறுக்காத மாவில் ஒரு டீஸ்பூன் கலந்து கிளறுங்கள். சில நிமிடங்களில் கண்ணெதிரே இளகும். பிறகு ஒரு கொதி விட்டு இறக்கவும்.

தொட்டில்

8 மாதக் குழந்தையைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கடைசியாகச் சொன்ன அந்த முறை குழந்தைக்குத்தான் மிகவும் பொருந்தும். குழந்தையின் வயிறு சிறியது, நீர்த்த கஞ்சியை நிரப்பினால் வயிறு நிறையும், சக்தி போதாது. முளைமாவாக இருந்தால் அதே கிண்ணத்தில் கூடுதல் மாவு போட்டும் ஸ்பூனில் ஊட்டும் பதத்தில் வைக்கலாம். தொடக்கத்தில் 2 டீஸ்பூன் மாவு, 100 மி.லி. தண்ணீர், கொதி வந்தபின் 7, 8 நிமிடம். மூன்று நாள் கொடுத்துப் பார்த்து, வயிற்றுக்கு ஒத்துக்கொண்டால் 4 டீஸ்பூன்வரை கூட்டலாம். வேறு தானியம், பயறு, கொட்டை எதையும் அந்த மூன்று நாளில் புதிதாகச் சேர்க்க வேண்டாம். ஒவ்வாமை வந்தால் எதனால் என்று தெரியாமல் போகும்.

கேழ்வரகை ஊறவைத்து அரைத்து, துணியில் பிழிந்து எடுக்கும் பால் 6, 7 மாதத்தில் தொடங்கும்போது மென்மையாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் கால்சியத்தில் பெரும்பகுதி தோலை ஒட்டித்தான் இருக்கிறது. துணியில் தங்கும் சக்கையோடு அதுவும் போய்விடும். 8 மாதத்தில் இன்னும் பிழிந்துகொண்டிருக்கத் தேவையில்லை; நைஸாக அரைத்துச் சலித்த மாவே போதும். ஒரு வயது முடியும்வரை உப்பு, வெல்லம், சர்க்கரை வேண்டாம், தேன் கூடவே கூடாது. இனிப்புக்கு மசித்த வாழைப்பழம். அரை ஸ்பூன் நெய் விடலாம். புட்டியில் ஊற்றிக் கொடுக்காமல் ஸ்பூனால் ஊட்டுங்கள். மீந்த கஞ்சியை அடுத்த வேளைக்கு வைக்க வேண்டாம். தாய்ப்பாலும் தொடரட்டும்.

மண்கலயம்

பானம் என்று எடுத்துக்கொண்டு கூழை விட்டுவிட்டீர்களே! பெரியவர்களுக்கு முளைமாவுப் பாலைவிடக் கூழே மேல் என்பேன். வெல்லம் தேவையில்லை, புளிக்கும்போது ஃபைடிக் அமிலமும் குறையும்.

சாதா மாவு 1 கப், தண்ணீர் 2 கப் கரைத்து மூடி இரவு முழுக்க, 10 முதல் 12 மணி நேரம், புளிக்கவிடுங்கள். காலையில் கால் கப் அரிசி நொய்யை 4 கப் தண்ணீரில் குழைய வேகவைத்து, அடிவரை கலக்கிய மாவை அதில் ஊற்றிச் சிறு தீயில் 12, 15 நிமிடம் கைவிடாமல் கிளறவும். நிறம் கருத்து, பளபளப்பு வரும். ஈரக்கையால் தொட்டால் ஒட்டக் கூடாது. ஒட்டினால் இன்னும் வேகவில்லை. ஆறியதும் மூடி வைத்து, சாயங்காலமோ மறுநாளோ, வேண்டியதை எடுத்து மோர், உப்பு, சின்ன வெங்காயம் சேர்த்துக் கையால் கரைத்துக் குடியுங்கள். புளிப்பு இதமாக இருக்க வேண்டும். மேலே நிறமான ஏடு படர்ந்தாலோ நூல் இழுத்தாலோ கொட்டிவிடுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஒன்று. கேழ்வரகு என்றாலே சர்க்கரை ஏறாது என்று எண்ணி டம்ளர் டம்ளராகக் குடிப்பது தவறு. நைஸ் மாவில் காய்ச்சிய கஞ்சி வேகமாகச் செரித்து இரத்தத்தில் ஏறும், முளைமாவுப் பானம் அதைவிட வேகம். அவர்களுக்கு முருங்கைக்கீரையும் வெங்காயமும் நிறையப் போட்ட அடை, அதோடு ஒரு பயறுக் கூட்டு, அளவாகச் சாப்பிடுவது பரவாயில்லை. சாப்பிட்ட இரண்டு மணி நேரம் கழித்துக் கருவியில் பார்த்துக்கொண்டால் அவரவர் உடம்புக்கு எத்தனை அடை என்று தெரிந்துவிடும்.

இரும்புச்சத்துக்காகச் சாப்பிடுகிறவர்கள் கூடவே காப்பி, டீ குடிக்க வேண்டாம், ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். அடை சாப்பிடும்போது நெல்லிக்காய்த் துவையலோ எலுமிச்சை பிழிந்த வெங்காயமோ தொட்டுக்கொள்ளலாம். எலுமிச்சையைக் கல்லில் வேகும் அடைமேல் பிழியாதீர்கள், சூட்டில் வைட்டமின் சி குறைந்துபோகும்.